நிலம் இல்லாத காதல்: சொல்லாததைப் படம் எங்கே வைக்கிறது?

ஒருவர் இன்னொருவரைக் காதலிக்கிறார். சொல்லவில்லை. அந்த இன்னொருவருக்குக் கடைசிவரை தெரியவில்லை, அல்லது தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. படம் முடிந்தது. இப்படி ஒரு கதையைத் தயாரிப்பாளரிடம் கொண்டுபோனால் "சரி, அப்புறம்?" என்று கேட்பார். அப்புறம் ஒன்றுமில்லை என்பதுதான் கதையே. ஓடிப்போவது கிடையாது, வீட்டில் எதிர்ப்பு கிடையாது, வில்லனும் கிடையாது. ஆனாலும் இந்த மாதிரிப் படங்களில் சில, பார்த்துப் பல வருஷம் ஆன பிறகும் தொண்டையில் நிற்கின்றன. அதே மாதிரி மெதுவாக, அதே மாதிரி அழகாக எடுக்கப்பட்ட வேறு பல படங்கள் பாதியிலேயே கொட்டாவி வரவைக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மண்டையைக் குடைந்ததில் எனக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் தொழில் சார்ந்தது: நல்ல படம், பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாததை வேறு ஏதோ ஓர் இடத்தில் பத்திரமாக வைத்திருக்கும். மற்றது, சொல்லாமல் விட்டதோடு சரி.

நாவலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. "அவள் நினைத்துக்கொண்டாள்" என்று எழுதிவிட்டால் மனசுக்குள் நுழைந்தாயிற்று. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. முகம், கை, முதுகு, சாத்திய கதவு, இவ்வளவுதான் அதற்குச் சிக்கும். உள்ளே பிரளயம், வெளியே ஒன்றுமே நடக்கவில்லை என்றிருக்கும் ஆளை இரண்டு மணிநேரம் எப்படிக் காட்டுவது? நம்மூர்ப் படங்கள் இதற்கு ரொம்ப நாளாகவே ஒரு வழி வைத்திருக்கின்றன, பாட்டு. 1980இல் வந்த 'ஒரு தலை ராகம்', 1991இல் வந்த 'இதயம்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'இதயம்' படத்தின் மருத்துவக் கல்லூரி மாணவனுக்கு அந்தப் பெண் எதிரே வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவனுக்குப் பதிலாக இளையராஜா பேசிவிடுவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பாட்டுகள் இல்லாமல் அந்தப் படங்களே இல்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் நமக்குப் பாரம் பாதி இறங்கிவிடுகிறது. அவன் சொல்லாவிட்டால் என்ன, நாம் கேட்டுவிட்டோம். சத்தமில்லாத படங்கள் இந்தப் பாரத்தை இறக்கவே விடுவதில்லை. பாட்டை எடுத்துவிட்டு, மனக்குரலையும் எடுத்துவிட்டு, போதாக்குறைக்கு "போய்ச் சொல்லித் தொலைடா" என்று முதுகில் தள்ளும் நண்பனையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

வேலை இருக்கும். வாய் திறக்காத ஆளின் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால், அதை அவர் செய்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். இதைப் பாடமாகவே நடத்தலாம் என்கிற அளவுக்குச் செய்துகாட்டிய படம், ஜேம்ஸ் ஐவரி 1993இல் எடுத்த 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே'. மூல நாவல் கசுவோ இஷிகுரோவுடையது, 1989இல் புக்கர் பரிசு வாங்கியது. இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகை. அங்கே வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவராக ஸ்டீவன்ஸ் (ஆன்டனி ஹாப்கின்ஸ்), வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கிற மிஸ் கென்டன் (எம்மா தாம்சன்). நாவலில் ஸ்டீவன்ஸே கதை சொல்கிறார். பக்கம் பக்கமாகப் பேசுகிறார், அதில் பாதி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் பேச்சு, வாசகர்தான் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். படத்தில் அந்தக் குரலில் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தவை தட்டு, பூஜாடி, சாவி, தூசு.

அதில் ஒரு காட்சி. வேலை முடிந்த நேரம், ஸ்டீவன்ஸ் தன் அறையில் அரையிருட்டில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருக்கிறார். மிஸ் கென்டன் பூக்களோடு உள்ளே வருகிறாள். என்ன புத்தகம் என்று கேட்கிறாள். அவர் சொல்லமாட்டேன் என்கிறார். புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். அவள் கிட்டே வருகிறாள், இன்னும் கிட்டே, அப்புறம் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் புத்தகத்திலிருந்து பிரித்தெடுக்கிறாள். அவரோ தடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பார்த்தால் அது ஒரு சாதாரணக் காதல் கதைப் புத்தகம். மொழியறிவை வளர்த்துக்கொள்ளத்தான் படிக்கிறேன் என்று அவர் விளக்கம் சொல்கிறார். முழுப் படத்திலும் இரண்டு உடல்கள் இவ்வளவு நெருங்கி வருவது இங்கே மட்டும்தான் என்று நினைக்கிறேன், அதற்கும் நடுவில் ஒரு புத்தகம்.

பிறகு, வேறொருவர் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதையும் தான் ஒப்புக்கொண்டதையும் அவள் வந்து சொல்கிறாள். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு மேலே விருந்தினர்களைக் கவனிக்கப் போகிறார். அப்புறம் அவள் தன் அறையில் அழுதுகொண்டிருக்கும்போது உள்ளே வந்து நிற்கிறார். இப்போதாவது சொல்வார் என்று நாம் நினைக்கும்போது, மாளிகையில் ஒரு மூலையில் தூசு தட்டாமல் கிடப்பதைப் பற்றிச் சொல்கிறார். இதைக் கேட்டு எரிச்சல் வருகிறவர்கள் உண்டு, எனக்கும் முதல் தடவை வந்தது. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் இத்தனை வருஷமாக வேலையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அவர்கள் சண்டை போட்டதும் சமாதானம் ஆனதும் ஒருவரை ஒருவர் சீண்டியதும் எல்லாம் தூசு, பீங்கான், பணிப்பெண்கள் என்கிற சொற்களுக்குள்தான். அந்த அறைக்கு வந்து நிற்கக் கால் வந்திருக்கிறது, வாய்க்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் ஸ்டீவன்ஸைத்தான் ஒருதலைக் காதலர் மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுமையாக இருந்தது மிஸ் கென்டன். பூக்கொண்டு வந்தவள் அவள், விரல்களைப் பிரித்தவள் அவள், இன்னொருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நேரில் வந்து சொல்லித் தடுப்பதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தவளும் அவள்தான். அவள் பொறுமைக்கு ஒரு கெடு இருந்தது, கெடு முடிந்ததும் போய்விட்டாள். ஸ்டீவன்ஸிடம் இருப்பதைப் பொறுமை என்று சொல்லலாமா? என் பார்வையில் அது ஒத்திப்போடுவது.

இந்த இடத்தில் எடிட்டிங் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வகைப் படங்களின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேர் பேசும் காட்சியை வழக்கமாக வெட்டும்போது படம் பேசுகிறவர் முகத்தோடு போகும், இடையிடையே கேட்பவர் முகம் ஒரு நொடி வந்து போகும். ஒருதலைக் காதல் படத்தில் இது தலைகீழாகிவிடும். "எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது" என்று குரல் மட்டும் ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து வர, கேமரா கேட்பவர் முகத்தில் நிற்கும். செய்தி காதில் விழுந்ததிலிருந்து "ரொம்ப சந்தோஷம்" என்று உதடு அசைவது வரைக்கும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ஒரு நொடி, ஒன்றரை நொடி. நடிகர் அந்த இடைவெளியில் எதையாவது 'செய்துகாட்ட' ஆரம்பித்தால் காட்சி செத்தது. ஒன்றும் செய்யாமல், செய்தியை விழுங்கிவிட்டு, வழக்கமான முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொள்வது தெரிய வேண்டும், கழன்றது தெரியக் கூடாது. சொல்வது சுலபம்.

சரி, வேலைக்கு அடுத்து இன்னொரு இடம் இருக்கிறது: கேமரா எங்கே நிற்கிறது என்பது. இதற்கு 1948இல் மேக்ஸ் ஓபுல்ஸ் எடுத்த 'லெட்டர் ஃப்ரம் அன் அன்நோன் வுமன்' படத்துக்குத்தான் போயாக வேண்டும். ஸ்டெஃபான் ஸ்வைக்கின் 1922ஆம் வருஷத்துக் குறுநாவலிலிருந்து எடுத்த படம். நடப்பது 1900 வாக்கில் வியன்னாவில். லிசா (ஜோன் ஃபோன்டெய்ன்) பள்ளிக்கூட வயதுப் பெண்ணாக இருக்கும்போது அதே கட்டிடத்துக்கு ஸ்டெஃபான் (லூயி ஜோர்டான்) என்கிற பியானோ கலைஞர் குடிவருகிறார். அவர் வாசிப்பதைக் கீழே முற்றத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவருக்கு அவள் இருப்பதே தெரியாது. அம்மா மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகும் நாளில், ரயில் நிலையத்திலிருந்து அவள் திரும்ப ஓடிவந்து, அவர் வீட்டு வாசலுக்கு மேலே படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். ராத்திரி அவர் வருகிறார், கூட ஒரு பெண், சிரிப்புச் சத்தம். கேமரா லிசாவோடு மேலேயே இருந்து, அந்த இரண்டு பேரும் வளைந்த படியேறி வீட்டுக்குள் போவதைக் குனிந்து பார்க்கிறது.

வருஷங்கள் போகின்றன. அவள் வியன்னாவுக்குத் திரும்பி வந்து, துணிக்கடையில் உடை அணிந்து காட்டும் வேலை செய்துகொண்டு, ராத்திரியில் அவர் வீட்டுத் தெருவில் வந்து நிற்கிறாள். ஒருநாள் அவர் கண்ணில் படுகிறாள். ஒரே ஒரு ராத்திரி. இரண்டு பேரும் அதே படிக்கட்டில் ஏறி வருகிறார்கள். கேமரா முன்பு இருந்த அதே மேல்படி, அதே கோணம். இப்போது மேலே உட்கார்ந்து பார்க்க லிசா இல்லை, அவள் கீழே அவர் கையைப் பிடித்து வந்துகொண்டிருக்கிறாள். நாம் மட்டும் அங்கே இருக்கிறோம். அவள் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் நடக்கும் நேரத்தில், படம் ஒரு வார்த்தை பேசாமல், நீ அன்று பார்த்த அந்தப் பெண் மாதிரி இன்று நீயும் ஒருத்தி என்று சொல்லிவிடுகிறது. அவளுக்கு அது கேட்காது. இதை வசனமாக எழுதியிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே ராத்திரியில் இன்னொரு காட்சி வரும். பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு பொய் ரயில் பெட்டி. உள்ளே உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே வரைந்த மலைகளும் ஏரிகளும் உருண்டு போகும், ஒரு வயசானவர் வெளியே மிதித்துக்கொண்டிருப்பார். காட்சிகள் தீர்ந்துபோனதும் ஸ்டெஃபான் காசு கொடுத்துத் திரும்ப முதலிலிருந்து ஓட்டச் சொல்கிறார். ஒரு அடிகூட நகராத ரயிலில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

படிக்கட்டு, ரயில் பெட்டி, தெருமுனை. இந்த இடங்களைக் கவனித்துக்கொண்டு வந்தபோதுதான் நம் பழைய இலக்கணம் ஞாபகத்துக்கு வந்தது. தொல்காப்பியம் காதலை ஏழு திணையாகச் சொல்கிறது: முதலில் கைக்கிளை, கடைசியில் பெருந்திணை (பொருந்தாக் காதல்), நடுவில் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து. கைக்கிளை என்றால் ஒருதலைக் காமம், ஒரு பக்கத்து உறவு. குறிஞ்சிக்கு மலை உண்டு, முல்லைக்குக் காடு, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடற்கரை; பாலைக்குக்கூட வெயிலில் திரிந்துபோன வறண்ட நிலம் ஒன்று வந்து சேர்ந்தது. கைக்கிளைக்கு மட்டும், பெருந்திணையையும் சேர்த்து, நிலமே கொடுக்கவில்லை. இதற்கு இலக்கணக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் சினிமா பார்த்த கண்ணோடு வாசித்தால் ரொம்பச் சரியாகத்தான் படுகிறது. ஒருதலையாகக் காதலிக்கிறவருக்குத் தனக்கென்று நிற்க ஓர் இடம் கிடையாது. படி, நடை, வாசல், பேருந்து நிறுத்தம், ஜன்னலுக்கு இந்தப் பக்கம், இப்படி வேறு யாரோ கடந்துபோவதற்காகக் கட்டிய இடங்களில்தான் நிற்க முடியும். இந்த வகைப் படங்களில் எத்தனை காட்சி படுக்கையறையிலோ கூடத்திலோ நடக்கிறது, எத்தனை காட்சி வாசற்படியில் நடக்கிறது என்று அடுத்த தடவை எண்ணிப் பாருங்கள்.

புறநானூற்றில் 83, 84, 85 மூன்று பாட்டும் நக்கண்ணையார் என்கிற பெண்புலவர் பாடியவை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்கிற சோழன் மேல் அவருக்குக் காதல். மூன்றுமே கைக்கிளைத் திணை. 85ஆவது பாட்டை ஒரு காட்சியாகவே படிக்கலாம். அவன் களத்தில் இருக்கிறான். இது அவன் ஊரும் இல்லை, நாடும் இல்லை. அவன் ஜெயித்தான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், ஊர் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? "அம்சிலம்பு ஒலிப்ப ஓடி, எம் இல் முழாஅரைப் போந்தை பொருந்தி நின்று, யான் கண்டனன் அவன் ஆடாகுதலே." கால்சிலம்பு சத்தம் போட ஓடி, தன் வீட்டில் இருக்கும், முழவு மாதிரிப் பருத்த அடியுள்ள பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜெயித்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் பாட்டு. அவனிடம் போகவில்லை. அவன் திரும்பிப் பார்த்ததாக ஒரு சொல் கிடையாது. ஊர் முழுக்க வெறும் வாய்ப்பேச்சு, இவளிடம் மட்டும் கண்ணால் கண்ட உண்மை இருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பதுகூடப் பாட்டிலேயே இருக்கிறது: பனைமரத்துக்குப் பின்னால். சிலம்புச் சத்தம் முதலில், மூச்சிரைப்பு அப்புறம், கடைசியில் தூரத்தில் அவன்.

தொல்காப்பியத்தின் கைக்கிளை நூற்பாவில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு துண்டு: "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்." பதில் சொல் கிடைக்காதவன் தானே சொல்லிக்கொண்டு சந்தோஷப்படுவது. இன்புறல் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். நாம் ஒருதலைக் காதல் என்றாலே துன்பம், தாடி, இருமல் என்று போய்விட்டோம், இலக்கணக்காரர் அதில் ஓர் இன்பம் இருக்கிறது என்று கண்டு எழுதியிருக்கிறார். அமைதியான நல்ல படங்கள் இந்த இன்பத்தைக் காட்டத் தயங்குவதில்லை. கொரியாவில் ஹுர் ஜின்-ஹோ 1998இல் எடுத்த 'கிறிஸ்மஸ் இன் ஆகஸ்ட்' அப்படிப்பட்டது. ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ நடத்தும் ஜங்-வோன் சாகப்போகிறவர், அவருக்குத் தெரியும். தப்பாக நிறுத்திய வண்டிகளைப் படமெடுக்கும் வேலை பார்க்கிற டா-ரிம், ஃபிலிம் கழுவ அவரிடம் வந்து போகிறாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது, கிட்டத்தட்ட காதல். ஆனால் அவர் தன் நோயைச் சொல்லவே இல்லை, அதனால் பிற்பகுதியில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒருதலையாகிவிடுகிறார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவள் மூடிய ஸ்டூடியோவுக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்த்துவிட்டு, ஒருநாள் கோபத்தில் கண்ணாடியில் கல்லை விட்டெறிகிறாள்.

பிறகு ஒரு காட்சி. அவர் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார், வெளியே தெருவில் அவள் வேலை செய்துகொண்டிருக்கிறாள், அவள் பார்க்கவில்லை. அவர் கண்ணாடி மேல் விரலை வைத்து, அவள் நகர நகர விரலையும் நகர்த்துகிறார். இதை விளக்கக் கூடாது, விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: அந்த நேரத்தில் அவர் முகம் சோகமாக இல்லை.

அந்தப் படத்தில் பொறுமை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அதுவும் வேலையில்தான். அப்பாவுக்கு வீடியோ பிளேயரை ஓட்டத் தெரியவில்லை, தான் போன பிறகு யார் போட்டுக்கொடுப்பார்கள்? சொல்லிக்கொடுக்கிறார், அப்பாவுக்குப் பிடிபடவில்லை, எரிச்சலாகி எழுந்து போகிறார், அப்புறம் ஒவ்வொரு படியாகத் தாளில் எழுதிவைக்கிறார். தன் சாவுக்கு வைக்க வேண்டிய படத்தைத் தானே எடுத்துக்கொள்கிறார். அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதும் இதே கையின் வேலைதான். இருக்கிறவர்களுக்குச் சுமையாக எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிற கை. அது சரியா? கல்லெறிந்தவளைக் கேட்டால் சரி என்று சொல்லமாட்டாள். படம் அவள் கோபத்தை உள்ளே விட்டது எனக்குப் பிடித்தது.

ஏனென்றால் இந்த வகைப் படங்களுக்கு ஒரு வியாதி உண்டு. காதலிக்கிறவரின் மௌனத்தை அவ்வளவு அழகாக ஒளியமைத்து, அவ்வளவு மென்மையாகப் பின்னணி இசை போட்டுக் காட்டிக்காட்டி, எதிரே இருப்பவரை ஒரு மரப்பாச்சி ஆக்கிவிடும். இவ்வளவு நல்லவர் இத்தனை வருஷம் காத்திருக்கிறார், அவள் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று நம்மைக் கேட்கவைக்கும். துரத்தித் துரத்திக் காதலிக்கும் நாயகனை இப்போது எல்லோரும் கண்டிக்கிறோம், நல்லது. ஆனால் சும்மா நின்றே வட்டி ஏற்றுகிறவரும் உண்டு. "உனக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா" என்று கடைசிக் காட்சியில் வரும் வசனம் கேட்க உருக்கமாக இருந்தாலும், கடன் கொடுத்ததே தெரியாதவரிடம் போய்ப் பாக்கி கேட்பது மாதிரித்தான்.

மனோதத்துவத்தில் இதைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்டது. ஒருதலையாகக் காதலித்தவர்கள், காதலிக்கப்பட்டவர்கள் என்று இரண்டு தரப்பையும் தங்கள் அனுபவத்தை எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காதலித்தவர்கள் எழுதியதில் வலியும் இருந்தது, இனிப்பும் கலந்திருந்தது. மறுத்தவர்கள் எழுதியதில்தான் இனிப்பே இல்லை. குற்ற உணர்ச்சி, சங்கடம், எரிச்சல். அது மட்டுமா, காதலித்தவர்களில் பலர் எதிர்த்தரப்புக்கும் விருப்பம் இருந்தது, தெளிவாக வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு விஷயம்தான் சினிமாவுக்கு நேராக வந்து தைக்கிறது: காதலிக்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குக் கதைகளும் பாட்டுகளும் படங்களும் ஏகப்பட்ட மாதிரிகளைக் கொடுத்து வைத்திருக்கின்றன, மறுக்கிறவருக்கு அப்படிக் கையில் ஒன்றும் கிடையாது. எப்படி மறுப்பது, மறுத்த பிறகு எந்த முகத்தோடு எதிரே போவது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த ஆய்வை வைத்துக்கொண்டு 1948ஆம் வருஷத்துப் படத்துக்குத் திரும்பினால் அது கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது. லிசா அவரிடம் எதையுமே சொன்னதில்லை. குழந்தை பிறந்ததையும் சொல்லவில்லை. அவரிடம் எதுவும் கேட்காத ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். பிறகு சாகும் நேரத்தில் அத்தனையையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்புகிறாள், இனி அவர் பதிலே சொல்ல முடியாத நேரத்தில். இதைத் தியாகம் என்று பார்க்கிறவர்கள் பாதி, இதைவிடக் கொடுமையான குற்றப்பத்திரிகை இருக்க முடியாது என்பவர்கள் பாதி. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஆனால் முழுசாகப் போக முடியவில்லை, ஏனென்றால் பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் திரும்ப அவர் வீட்டுக்குப் போகிறாள், அவர் அவளை யாரோ புதுப்பெண் என்று நினைத்துப் பழைய சிரிப்பையே சிரிக்கிறார், பழைய பேச்சையே பேசுகிறார். அந்த இடத்தில் அவள் என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஓபுல்ஸின் படம் யார் பக்கமும் சேராமல் தப்பித்துக்கொள்வது இதனால்தான்: அவளுக்கு அவரைத் தெரியாது, தன் மனசில் வைத்திருந்த ஒருவரைத்தான் தெரியும், அவருக்கு அவளைத் தெரியவே தெரியாது. இருவருமே ஆளில்லாத இடத்தில் காதலித்தவர்கள்.

காலம் போவதைக் காட்டும் விஷயத்திலும் இந்தப் படங்களுக்குத் தனி வழி. 'பத்து வருடங்களுக்குப் பிறகு' என்று எழுத்துப் போடுவது ஒரு வழி. அதைவிட நன்றாக வேலை செய்வது, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மாற்றுவது. அதே வாசல், அதே நேரம், இந்தத் தடவை ஒரு விளக்கு எரியவில்லை. பொறுமை என்பது பார்க்கிறவருக்கும் ஒரு பழக்கமாக ஏறினால்தான் அது கலையும்போது வலிக்கும். சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) தொடக்கத்தில், பேச்சே ஏறக்குறைய இல்லாத சில நிமிடங்களில், சாரு கையில் பிடித்துப் பார்க்கும் சின்னத் தொலைநோக்குக் கண்ணாடியோடு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவில் நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் புத்தகத்தில் மூழ்கியபடி பக்கத்திலேயே கடந்து போவார், அவளைக் கவனிக்கமாட்டார். அவள் அதே கண்ணாடியை எடுத்து அவரையும் பார்ப்பாள். சில அடி தூரம்தான். தெருவில் போகிறவர்களும் கட்டிய புருஷனும் ஒரே தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு கைவீச்சு சொல்லிவிடுகிறது. பிறகு வரப்போகும் காதல் ஏன் வந்தது என்று தனியாக விளக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

இன்னும் ஓர் இடம் பாக்கி: மூன்றாவது ஆள். ஐந்திணைக் காதலில் தோழி இருப்பாள், பாங்கன் இருப்பான். தலைவி சொல்ல முடியாததைத் தோழி சொல்வாள், தாய்க்கு மறைக்க வேண்டியதை மறைப்பாள். நக்கண்ணையாரின் மூன்று பாட்டிலும் தோழி குரல் கிடையாது, அவள் தனியாகத்தான் பேசுகிறாள். அமைதியான படங்களும் தோழியை எடுத்துவிடுகின்றன என்று முன்னாடியே சொன்னேன். ஆனால் முழுசாக எடுத்துவிடுவதில்லை. பேசாத ஒரு ஆளாக மாற்றி ஓரத்தில் நிறுத்திவைக்கின்றன. எல்லாம் தெரிந்த, ஆனால் எதையும் மாற்ற முடியாத ஒருவர். நம்முடைய இடமும் அதுதான், படி மேலே நின்று பார்த்த இடம்.

ஓபுல்ஸ் படத்தில் அது ஜான். ஸ்டெஃபானின் வேலைக்காரர், வாய் பேச முடியாதவர். சின்னப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த லிசாவை அவர் பார்த்திருக்கிறார், வளர்ந்து வந்தபோதும் பார்த்திருக்கிறார். மூலக் குறுநாவலில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது, கடிதத்திலும் இருக்காது. படத்தில் ஸ்டெஃபான் ராத்திரி முழுக்கக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது விடிந்துவிட்டது. அவரை ஒரு துப்பாக்கிச் சண்டைக்குக் கூட்டிப்போக வண்டி வந்து நிற்கிறது, முந்தின ராத்திரிவரை அதிலிருந்து தப்பி ஓடுவதுதான் அவர் திட்டமாக இருந்தது. அவர் ஜானைப் பார்த்துக் கேட்கிறார், உனக்கு அவளை ஞாபகம் இருக்கிறதா என்று. ஜான் தலையாட்டுகிறார். பேனாவை எடுக்கிறார். யோசிக்காமல், ஒரு தாளில், லிசா பெர்ன்டில் என்று எழுதுகிறார்.